கடையில் இருந்துகொண்டே பரிசுத்தமாக வாழ முடியுமா?

கேள்வி: இருபது வருடமாக மளிகைக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு ஆராதனை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், இரவு குடும்ப ஜெபம், தசமபாகம் எதிலும் குறை வைத்ததில்லை. சினிமா பார்ப்பதில்லை. கடையில் பீடி, சிகரெட்கூட விற்பதில்லை. ஆனாலும் கல்லாவில் உட்கார்ந்தால் மனது உறுத்துகிறது. பழைய பருப்பைப் புதுசோடு கலப்பது, பையோடு சேர்த்து நிறுப்பது, ஒரு ரூபாய் சில்லறைக்கு மிட்டாயை எடுத்துக் கொடுப்பது எல்லாம் எந்தக் கடையிலும் நடப்பதுதான். நான் மட்டும் மாறினால் பக்கத்துக் கடைக்காரர் என்னை விழுங்கிவிடுவார். “உலகத் தொழிலில் இருந்துகொண்டு பரிசுத்தமாக வாழ முடியாது, கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊழியத்துக்கு வாருங்கள்” என்று சபையில் மூத்த சகோதரர் ஒருவர் வற்புறுத்துகிறார். அதுதான் வழியா? இத்தனை வருடம் செய்துவிட்டதற்கு என்ன பரிகாரம்?

ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: கடையை விட வேண்டாம். முதலில் உங்கள் கடிதத்தையே ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். ஆராதனை, உபவாசம், தசமபாகம், சினிமா பார்க்காதது எல்லாம் ஒரு பக்கம் நிற்கின்றன. பருப்பு, பை, சில்லறை எல்லாம் மறுபக்கம் நிற்கின்றன. முதல் பக்கத்தைப் பரிசுத்தம் என்றும் மறுபக்கத்தைப் பிழைப்பு என்றும் நீங்கள் பிரித்துக்கொண்டீர்கள். மூத்த சகோதரரும் அதே பிரிவினையை ஒப்புக்கொண்டு, மறுபக்கத்தை விட்டுவிட்டு முதல் பக்கத்துக்கே வந்துவிடச் சொல்கிறார். வேதம் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. கல்லாவில் உங்களை உறுத்துகிறதே, அது பரிசுத்தத்துக்கு வெளியே நடக்கிற விஷயம் அல்ல. பரிசுத்தம் என்று வேதம் எதைச் சொல்கிறதோ அதன் மையம் அங்கேதான் இருக்கிறது.

குழப்பத்தில் ஒரு பங்கு சொல்லாலேயே வருகிறது. பரிசுத்தம் என்ற சொல்லுக்குள் சுத்தம் இருக்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் வரும் தூய்மையும் அதே பொருள்தான். சுத்தம் என்றதும் நம் மண்ணில் மனதுக்கு வருவது அழுக்கு, அதைவிட ஆழமாகத் தீட்டு. தீட்டு ஒட்டிக்கொள்ளும், ஒட்டாமலிருக்க விலகி நிற்க வேண்டும். ஆகவே பரிசுத்தவான் என்றால் எட்டி நிற்பவர் என்று நாம் கேட்காமலே அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். எபிரெயத்தில் உள்ள சொல் கதோஷ். கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டது என்பது அதன் அடிப்படை. விவசாய வீடுகளில் விதைநெல்லைத் தனியே எடுத்து வைப்பார்கள். மற்ற நெல் அழுக்கு என்பதற்காக அல்ல, இதற்கு ஒரு வேலை இருக்கிறது என்பதற்காக. அதுவும் சேற்றில் போடுகிற வேலை. ஒதுக்கி வைத்த விதை குதிருக்குள்ளேயே இருந்துவிட்டால் அதை ஒதுக்கியதற்கே அர்த்தமில்லை.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் பரிசுத்தராயிருப்பதுபோல நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்று அது தொடங்குகிறது. ஆசாரியரிடம் மட்டும் சொல்லப்பட்டதல்ல, சபையார் அனைவருக்கும் சொல்லப்பட்டது. அடுத்து தாய் தகப்பனுக்குப் பயப்படுதல், ஓய்வுநாள். சற்றுப் பிறகு கட்டளை வயலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. அறுக்கும்போது வரப்போரக் கதிரை முழுக்க அறுக்காதே, திராட்சைத் தோட்டத்தில் சிந்தியதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. கூலிக்காரன் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே. செவிடனைத் திட்டாதே, குருடன் முன்னால் தடுக்கலை வைக்காதே. தீர்ப்பில் ஏழைக்கென்றும் சாயாதே, பெரியவனுக்கென்றும் சாயாதே. கோள் சொல்லித் திரியாதே. உன்னைப்போலப் பிறனையும் நேசி. அதிகாரத்தின் முடிவில், உங்கள் கடை வாசலுக்கே வந்துவிடுகிறது: தராசு, நிறைகல், மரக்கால், படி. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவற்றுக்கெல்லாம் சுமுத்திரை என்ற அழகான சொல்லை அடைமொழியாக வைத்திருக்கிறது. நல்ல முத்திரை பெற்றது என்று பொருள். வருடாவருடம் உங்கள் தராசுக்கு முத்திரை வைக்கிற தொழிலாளர் துறை ஆய்வாளரை நம் ஊரில் முத்திரை ஆய்வாளர் என்றுதானே அழைக்கிறோம்! (கலப்பு நூல் துணி, தாடியின் ஓரம் பற்றியும் இதே அதிகாரத்தில் கட்டளைகள் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பேதுரு தன் முதல் நிருபத்தில் பரிசுத்தராயிருங்கள் என்ற கட்டளையை எடுத்து கிறிஸ்தவர்களுக்குச் சொல்லும்போது, துணியையும் தாடியையும் அல்ல, நடக்கைகள் எல்லாவற்றையும்தான் குறிப்பிடுகிறார்.)

இந்தப் பட்டியலில் உள்ளவர்கள் யார் யார் என்று கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். செவிடனைத் திட்டினால் அவனுக்குக் கேட்காது. குருடன் முன்னால் கல்லை வைத்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. கூலிக்காரனுக்குத் தெரியும், ஆனால் நாளைக்கும் அதே ஆளிடம்தான் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் வாய் திறக்க மாட்டான். பரதேசிக்கு ஊர் வழக்கும் தெரியாது, கேட்பதற்கு ஆளும் இல்லை. நிறைகல் எடை குறைந்ததா என்று வாங்குகிறவன் கையில் தூக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லோரும் நம்மைச் சரிபார்க்க முடியாத மனிதர்கள், அல்லது தெரிந்தும் கேட்க முடியாத மனிதர்கள். செவிடனையும் குருடனையும் பற்றிய அந்த வசனம் உன் தேவனுக்குப் பயந்திரு என்று முடிவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மனுஷரில் யாரும் பிடிக்க முடியாத இடத்தில் வேறு யாருக்குத்தான் பயப்படுவது? நம்மைப் பிடிக்க முடியாதவரிடம் நாம் எப்படி நடக்கிறோம் என்பதுதான் அந்த அதிகாரம் சொல்லும் பரிசுத்தம்.

இனி உங்கள் கடைக்கு வருவோம். பை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்னணுத் தராசில் வெறும் பையை முதலில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துவதும் அழுத்தாததும் உங்கள் விரல் நுனியில். பை 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம், ஒரு நாளைக்கு 100 பொட்டலம். சாயங்காலத்துக்குள் ஒரு கிலோ சரக்கு கொடுக்காமலே காசாகியிருக்கும். வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் அது 10 கிராம்தான், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. யாருக்கும் வலிக்காதபடி எடுக்க முடிகிறது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. பழைய பருப்பு இன்னும் மோசம். அது யார் பொட்டலத்துக்குப் போகிறது என்று கவனியுங்கள். ரொக்கம் கொடுத்து, கையில் அள்ளி மோந்து பார்த்து வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் போகாது. பாக்கி வைத்திருக்கும் வீட்டுக்குத்தான் போகும், ஏனென்றால் பாக்கிக்காரர் தரம் பற்றிப் பேச மாட்டார். பார்வை மங்கிய பாட்டிக்குப் போகும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ கட்டட வேலைக்கு வந்த பையனுக்குப் போகும், அவனுக்குத் தமிழில் எழுதிய துண்டுச் சீட்டை வாசிக்கத் தெரியாது. செவிடன், குருடன், பரதேசி என்று ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முந்தைய சொற்களில் வேதம் சொன்னவர்கள் உங்கள் கடை முன்னால் பையோடு நிற்கிறார்கள்.

கடைக்குள்ளேயும் ஒருவர் இருப்பார். பொட்டலம் கட்டும் பையனோ, மூட்டை இறக்கும் ஆளோ. நீங்கள் அவரைப் பற்றி எழுதவில்லை, நான் கேட்டாக வேண்டும். சம்பளம் தேதியில் போகிறதா? உபாகமம் 24ஆம் அதிகாரம், கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடு, அவன் அதையே நம்பியிருக்கிறான் என்கிறது. யாக்கோபின் நிருபத்திலோ பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது. கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவந்தது. சட்டம் வரும்வரை அந்த நாற்காலி நம் மனதில் ஏன் தோன்றவில்லை என்று கிறிஸ்தவ முதலாளிகள் கேட்டுக்கொள்வது நல்லது. ஜெபக் கூட்டத்துக்கு நாற்காலி வாடகைக்கு எடுக்க நாம் தாமதிப்பதில்லை.

உங்கள் மூத்த சகோதரர் இதற்கு என்ன சொல்லுவார் என்று தெரியும். அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் பிரிந்துபோங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறாரே என்பார். எழுதியிருக்கிறார். ஆனால் அதே கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில், இப்படிப்பட்ட பிரிவை அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதைப் பவுலே திருத்துகிறார். உலகத்தில் உள்ள பொருளாசைக்காரரையும் கொள்ளைக்காரரையும் முற்றிலும் தவிர்க்கச் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள், அப்படியானால் உலகத்தைவிட்டே போக வேண்டியிருக்கும் என்பது அவர் விளக்கம். ஆண்டவரும் தம் சீடருக்காக ஜெபித்தபோது அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்கவில்லை, தீமையினின்று காக்கும்படிதான் கேட்டார். விலகி நிற்பதையே பரிசுத்தம் என்று எடுத்துக்கொண்டால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு நம் சபைச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கத்தோலிக்க ஆலயம் சாதிக்கு ஒரு பகுதியாக இரண்டாகப் பிரிந்து பலிபீடத்தில் சேரும்படி கட்டப்பட்டது. நடுவே நின்ற தடுப்புச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது, அதுவும் எதிர்ப்பும் வழக்கும் இல்லாமல் அல்ல. பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளேயே தீட்டு நுழைந்து உட்கார்ந்துகொண்ட கதை அது. புராட்டஸ்டண்ட் சபைகளும் கைகழுவிக்கொள்ள முடியாது. சபைக்குள் சாதி பார்ப்பதை ஒழிக்க 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் உத்தரவிட்டபோது தஞ்சாவூரில் பலர் சாதியை விடவில்லை, சபையைத்தான் விட்டார்கள்.

அதே வடக்கன்குளத்தில் 1745இல் ஞானஸ்நானம் பெற்றவர் தேவசகாயம். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், மணமானவர், குருவானவர் அல்ல, துறவியும் அல்ல. எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியது அவர் மீது வந்த கோபங்களில் ஒன்று. 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைக் கொண்டாடுகிறது. யார் எந்தச் சபை என்பதை ஒரு பக்கம் வைப்போம். முழுநேர ஊழியத்துக்கு வந்தால்தான் பரிசுத்தம் என்ற எண்ணத்துக்கு நம் மண்ணிலேயே கிடைத்த பதில் அவர்.

வேதத்திலும் இதே பதில்தான். லூக்கா 3ஆம் அதிகாரத்தில் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான் ஸ்நானகனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அன்றைய யூத சமூகத்தில் அவற்றைவிட அழுக்கான உத்தியோகம் சொல்வது கடினம். வேலையை விட்டுவிட்டு என்னோடு வனாந்தரத்துக்கு வாருங்கள் என்று அந்த வனாந்தரவாசி சொல்லவில்லை. குறித்ததற்கு மேல் வசூலிக்காதே, யாரையும் மிரட்டிப் பறிக்காதே, உன் சம்பளம் போதும் என்றிரு என்றுதான் சொன்னார். பவுலே கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் கூடாரம் தைத்துச் சாப்பிட்டவர். சகரியா தன் புத்தகத்தின் கடைசி வசனங்களில் ஒரு காட்சியைக் காட்டுகிறார். யாத்திராகமத்தில் ஆரோனின் தலைப்பாகைப் பொற்தகட்டில் வெட்டப்பட்ட எழுத்து, கர்த்தருக்குப் பரிசுத்தம் என்பது. அந்த எழுத்து ஒருநாள் குதிரைகளின் மணிகளில் இருக்கும் என்கிறார், எருசலேமில் உள்ள பானைகளெல்லாம் கர்த்தருக்குப் பரிசுத்தமாகும் என்கிறார். ஆசாரியரின் நெற்றியிலிருந்து குதிரைக் கழுத்துக்கும் அடுப்படிக்கும்! அது சகரியா கண்ட எதிர்காலம். நாமோ பானையை விட்டுவிட்டு ஆசாரியர் நெற்றிக்குத் திரும்பிப் போக ஆசைப்படுகிறோம். இன்னொன்றையும் யோசியுங்கள். கடையை மகனிடம் விடச் சொல்கிறார்களே, உங்கள் விரலை உறுத்துகிற தராசு மகன் விரலை உறுத்தாதா? உங்களுக்கு ஆத்தும நஷ்டம் என்று நினைக்கிற இடத்தைப் பிள்ளைக்குச் சொத்தாக எழுதிவைப்பதில் என்ன பரிசுத்தம் இருக்கிறது?

வேறொரு திசையிலிருந்தும் கேள்வி வரும், அது இன்னும் கனமானது. நாம் கிருபையினால் இரட்சிக்கப்பட்டவர்கள், இந்த எடைக்கணக்கெல்லாம் கிரியைகளால் நீதிமானாகப் பார்க்கிற வேலை அல்லவா? இந்தக் கவலை உள்ளவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் பாதுகாக்க நினைப்பது சுவிசேஷத்தின் உயிர்நாடியை. ஆனால் தராசு வசனம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். தராசும் படியும் சரியாயிருக்கட்டும் என்ற கையோடு, நான் உங்களை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின கர்த்தர் என்று முடிகிறது. விடுதலை முதலில் நடந்துவிட்டது, தராசு அப்புறம் வருகிறது. சரியாக நிறுத்தால் விடுவிப்பேன் என்ற பேரம் அங்கே இல்லை. எபேசியர் 2ஆம் அதிகாரமும் அதே வரிசைதான்: கிருபையினால் இரட்சிப்பு, அதன்பின் நற்கிரியைகளுக்கென்று சிருஷ்டிக்கப்பட்டோம் என்பது. எகிப்தில் செங்கல் கணக்கில் ஏமாற்றப்பட்டவர்கள் கானானில் கோதுமைக் கணக்கில் ஏமாற்றினால், எகிப்திலிருந்து வெளியே வந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் உபவாசமும் குடும்ப ஜெபமும் வீணா என்று மனம் சோர வேண்டாம். அவற்றை விடாதீர்கள். வேதபாரகரை ஆண்டவர் கடிந்துகொண்டபோது ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகம் என்று உங்கள் கடையில் உள்ளவற்றையே பெயர் சொன்னார். அவற்றில் தசமபாகம் கொடுத்ததைத் தவறு என்று சொல்லவில்லை. நியாயத்தையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே, இவற்றைச் செய்து அவற்றையும் விடாதிருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது. ஆமோஸ் 8ஆம் அதிகாரம் மட்டும் வியாபாரிகள் ஒவ்வொருவரும் நடுங்க வேண்டிய இடம். அங்குள்ள வியாபாரிகள் ஓய்வுநாளை ஒழுங்காக ஆசரிக்கிறார்கள், கடை அடைத்திருக்கிறது, ஆனால் மனதுக்குள் இது எப்போது முடியும், மரக்காலைக் குறைத்து, கள்ளத்தராசு வைத்து, பதரையும் சேர்த்து எப்போது விற்கலாம் என்று கணக்கு ஓடுகிறது. ஜெபம் எதற்கு என்று கேட்டால், திங்கட்கிழமை காலை தராசின் அந்தப் பொத்தானை அழுத்துகிற தைரியத்துக்கு என்று சொல்வேன். அந்தத் தைரியம் சொந்தப் பலத்தில் வருவதில்லை.

கடைசியாக உங்கள் பயம், பக்கத்துக் கடை. இதில் நான் பொய் ஆறுதல் சொல்லமாட்டேன். நேர்மையாக விற்றால் கர்த்தர் இரட்டிப்பாகத் தருவார் என்று மேடையில் முழங்குகிறவர்கள் பரிசுத்தத்தையே ஒரு முதலீடாக்கிவிடுகிறார்கள். தனக்கு நஷ்டம் வந்தாலும் ஆணை தவறாதவன் என்றுதான் 15ஆம் சங்கீதம் கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவனை விவரிக்கிறது. நஷ்டம் வராது என்று அது சொல்லவில்லை. இருந்தாலும் சரித்திரம் காட்டும் ஒரு உதாரணத்தை உங்கள் முன் வைக்கிறேன். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றிச் சேர்ந்த குவேக்கர்கள், கடையில் பேரம் பேசுவதை நிறுத்தினார்கள். அன்று விலை என்பது ஆளைப் பார்த்துச் சொல்வது. விவரம் தெரிந்தவனுக்கு ஒரு விலை, தெரியாதவனுக்கு இன்னொரு விலை. இவர்கள் எல்லோருக்கும் ஒரே விலை என்றார்கள். தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் விலகினார்கள், சிலருக்கு ரொட்டி வாங்கவே காசு கிடைக்காமல் கஷ்டம் வந்தது என்று ஃபாக்ஸ் தன் நினைவுக் குறிப்பில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு நிலைமை மாறியது. குவேக்கர் கடைக்குச் சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் பெரியவர் போனதுபோலவே சரக்கு கிடைக்கும் என்று ஊரார் கண்டுகொண்டார்கள். இந்த விவரத்தில்தான் என் மனம் நிற்கிறது. சரிபார்க்கத் தெரியாத பிள்ளை! லேவியராகமத்தின் செவிடனும் குருடனும் அங்கே கையில் காசோடு கடைக்கு வந்த குழந்தையாக நிற்கிறார்கள். வியாபாரம் பெருகியது உண்மைதான், அது பின்னால் வந்தது. பட்டினி முன்னால் வந்தது, அப்போதும் அவர்கள் விலையை மாற்றவில்லை. உங்கள் குடும்பத்தையும் கலந்து பேசி, வருமானம் கொஞ்சம் குறையும் என்று எண்ணியே இறங்குங்கள். பக்கத்துக் கடைக்காரரைப் பழிவாங்க விலையை அடிமாட்டுக்கு இறக்காதீர்கள். பிறனுடைய பிழைப்பைக் கெடுக்கவென்று சந்தை விலைக்குக் கீழே விற்பதும் பாவம் என்று ஜான் வெஸ்லி பணம் பற்றிய தன் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

இத்தனை வருடத்துக்கு என்ன பரிகாரம் என்று கேட்டீர்கள். லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில், பிறனை வஞ்சித்து எடுத்தவன் முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்குக் கொடுத்துவிட வேண்டும், குற்றநிவாரண பலி கொண்டுவருகிற நாளிலேயே கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கர்த்தரிடம் மட்டும் அழுது தீர்த்துக்கொள்ள அங்கே இடமில்லை. சகேயு நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றதும் அதனால்தான். 20 வருடத்தில் வந்து போனவர்களை எல்லாம் தேடிப் பிடிக்க முடியாது என்பது உண்மை. ஊர் பேர் தெரியாதவர்களுக்குரியதைச் சகேயுவைப்போல ஏழைகளுக்குக் கொடுங்கள், சபைக் காணிக்கைப் பையில் போட்டு முடித்துவிடாதீர்கள். ஆனால் எல்லோரும் ஊர் பேர் தெரியாதவர்கள் அல்ல. பழைய பருப்பு அதிகமாகப் போனது எந்த வீடுகளுக்கு என்று மேலே சொன்னேன். அந்த வீடுகளின் பெயரும் அவர்கள் தர வேண்டிய தொகையும் உங்கள் பாக்கி நோட்டில், உங்கள் கையெழுத்திலேயே இருக்கின்றன. இன்று இரவு குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்போது வேதப்புத்தகத்தோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு, எந்தெந்தப் பெயருக்கு நேரே எவ்வளவு அடிக்க வேண்டும் என்று மனைவியோடும் மகனோடும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.